மலை இறங்கிப் போவதா, ஃபோனிலேயே பேசுவதா? நீலகிரித் தம்பிகளுக்கான குழு ஆதரவு: ஓர் ஒப்பீடு

போன மார்கழியில், ஒரே மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வயது 23. இன்னொருவர் ஊட்டியில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறார். மூன்றாமவர் கூடலூர்க்காரர், 27 வயது, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் இருவரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். கூடலூர்த் தம்பிக்கு ஆண்கள் மீதும் ஈர்ப்பு உண்டு, பெண்கள் மீதும் உண்டு.

“அண்ணா, தனியா இருந்து இருந்து தலையே வெடிச்சிரும் போல இருக்கு. ஏதாவது குழுவில சேரலாம்னு நினைக்கிறேன். நேர்ல போறதா, ஆன்லைன்லயா, டாக்டர் நடத்துறதா? எதுக்குப் போறது?”

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். இப்போது 36 வயது. இருபதுகளில் இந்த வழிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் காயமும் பட்டிருக்கிறேன். அந்த மூவரிடமும் தனித்தனியாகப் பேசியதை, அவர்கள் சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## குழு எந்தச் சுமையை இறக்கும்?

1995-இல் இலான் மேயர் என்ற ஆய்வாளர், நியூயார்க் நகரத்தில் 741 தன்பாலீர்ப்பு ஆண்களிடம் கேட்டறிந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். எல்லோருக்கும் வரும் அன்றாடக் கவலைகளுக்கு மேல், வெறுக்கப்படுகிற சிறுபான்மையாக இருப்பதாலேயே இவர்கள் தலையில் இன்னொரு சுமை ஏறுகிறது, மனச்சோர்வும் பதற்றமும் அதிலிருந்து வருகின்றன என்பது அவர் முன்வைத்த கருத்து. இதைச் சிறுபான்மை அழுத்தம் என்கிறார்கள். அதில் சில அடுக்குகள் உண்டு. முதலாவது வெளியிலிருந்து வருவது: கேலி, அடி, வேலை போவது. அடுத்தது, அது எப்போது வருமோ என்று உடம்பு விறைத்தபடி காத்திருப்பது. அதற்கும் உள்ளே, ஊர் நம்மைப் பற்றிச் சொல்வதை நாமே நம்பிவிடுவது. 2003-இல் இன்னும் விரிவாக எழுதியபோது, மறைத்து வாழ்வதையும் ஓர் அடுக்காக வைத்தார்.

நியூயார்க்கில் எழுதியதுதான், ஆனால் ஊட்டி சேரிங்கிராஸில் நிற்கும்போது எனக்கு அது அப்படியே பொருந்தும். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் சிரித்தால், என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வராது.

மலையில் இது இன்னும் கனம். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டம் முழுக்கவே சுமார் 7.35 லட்சம் பேர்தான். அதிலும் நாம் வாழ்வது ஒரு லயன், ஒரு ஹட்டி (படகர் ஊர்), ஒரு தெரு. “நீ யார் வீட்டுப் பையன்?” என்பதுதான் இங்கே முதல் கேள்வி. கண்டக்டருக்கு அப்பாவைத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு மாமாவைத் தெரியும். அதனால் மறைக்கிறோம். அந்த மறைப்பு வேலையையும் வீட்டையும் காப்பாற்றித் தருகிறது. அதே மறைப்புதான் ஆளைத் தனிமைப்படுத்தி உள்ளுக்குள் தின்கிறது. முழுக்க மறைவாக இருக்கிற குழு தனிமையைக் குறைக்காமலே போகலாம். தனிமையை நன்றாகக் குறைக்கிற குழு ஊரில் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடலாம். கீழே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி: யாருக்குத் தெரியவரும்? குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமா, வழியில் பார்ப்பவர்களுக்குமா, வீட்டுக்குமா?

அடுத்தது செலவு. பணம், நேரம் இரண்டோடும் பொய்யையும் செலவாகவே எழுதுங்கள். “நண்பன் வீட்டுக்குப் போறேம்மா” என்று மாதா மாதம் சொல்வதற்கு ஒரு விலை உண்டு. அந்தப் பொய்யைத் திரும்பும் வழி முழுக்கச் சுமந்துகொண்டு வந்தால், கூட்டத்தில் இறக்கி வைத்ததில் பாதி மறுபடி ஏறிவிடும்.

யார் நடத்துகிறார், எந்த மொழியில் என்பவை மூன்றாவது. ஆங்கிலத்தில் நடக்கும் குழுவில் நான் ஆறு மாதம் இருந்தேன். எல்லாம் புரிந்தது. ஆனால் அம்மா அழுததைச் சொல்ல வந்தபோது வாய் திறக்கவில்லை. அது தமிழில்தான் வரும்.

நான்காவது, விலகுவது எளிதா? பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் போகாமல் இருந்துவிட முடியுமா, இல்லை தேடிக்கொண்டு வருவார்களா?

இருபாலீர்ப்பு உள்ள தம்பிகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் குழு உங்களை நம்புகிறதா? “நீ எப்படியும் ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போயிருவே” என்று தன்பாலீர்ப்பு ஆண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருபாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருப்பதில்லை, பல ஆய்வுகளில் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தங்களவர் என்று சேர்த்துக்கொள்ளாவிட்டால் வேறென்ன ஆகும்?

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் குழு தேடும் வேலையைத் தள்ளி வையுங்கள். 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்று கட்டாயம் இல்லை. “மனசு சரியில்லை, பயமா இருக்கு” என்று தொடங்கினாலே போதும்.

## வாட்ஸாப், டெலிகிராம் கூட்டங்கள்

பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். செலவில்லை, உடனே கிடைக்கும், நம்மைப் போல இத்தனை பேர் இருக்கிறார்களா என்ற அந்த முதல் வியப்பு பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதை ஆதரவுக் குழு என்று எண்ண வேண்டாம். உள்ளே யார் இருக்கிறார் என்று நடத்துபவருக்கே தெரியாது. உங்கள் எண் தெரியும், எண்ணோடு முகம் தெரியும். நம் பகுதியில் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “உங்க ஊர் குரூப்புல போடவா?” என்று பணம் கேட்டு மிரட்டியது எனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. அப்படி நடந்தால் பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி குற்றம். பணம் போய்விட்டிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வயது வந்த இரு ஆண்கள் சம்மதத்தோடு நெருங்கியிருப்பது குற்றமில்லை. புகார் கொடுக்கப் போகிற நீங்கள் எந்தச் சட்டத்தையும் மீறியவர் இல்லை.

தகவல் தெரிந்துகொள்ள, நல்ல குழு எங்கே என்று விசாரிக்க, வேறொரு எண்ணோடு, முகப்படம் இல்லாமல் இருக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

## காணொலி வழியாகக் கூடும் குழு

வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எட்டுப் பத்துப் பேர், ஒருவர் நடத்துவார், ஒன்றரை மணி நேரம். நடத்துபவர் பெரும்பாலும் நம்மைப் போல ஒருவர், கொஞ்சம் பயிற்சி எடுத்தவர். சேரும் முன் உங்களோடு தனியாகப் பேசிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார் என்றால் அது நல்ல அடையாளம்.

மலையில் இருப்பவருக்கு இதன் பலன் கண்கூடானது. பஸ் இல்லை, டிக்கெட் இல்லை, கண்டக்டர் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தாலும் கூட்டம் நடக்கும். பேச்சு தமிழில் இருக்கும், ஒருவர் திருநெல்வேலியில் இருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், உங்கள் ஊர்க்காரர் இருக்கும் வாய்ப்பு குறைவு.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பேச ஓர் அறை வேண்டும், கதவு வேண்டும். லயன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நடுவில் மெல்லிய சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் நமக்குக் கேட்கும். கோத்தகிரித் தம்பி முதல் இரண்டு கூட்டங்களுக்கு இரவு எட்டு மணிக்கு ஃபோனை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். காட்டுமாடும் கரடியும் இறங்குகிற நேரம் அது. கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. அதைச் செய்யாதீர்கள், எந்தக் குழுவும் அந்த விலைக்குத் தகுந்தது இல்லை. பகல் நேரத்தில், ஞாயிறு மதியம் கூடும் குழுவாகப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நிலையைச் சொல்லி, கேட்க மட்டும் செய்வேன், பதிலைத் தட்டச்சு செய்வேன் என்று அனுமதி வாங்குங்கள். காதில் இயர்ஃபோன், பக்கத்தில் திறந்த பாடப்புத்தகம், நான் பல மாதம் அப்படித்தான் இருந்தேன். மஞ்சூர், குந்தா பக்கத்தில் இருப்பவர்களுக்கு சிக்னல் வேறு ஒரு தொல்லை. அழும்போது படம் உறைந்து நின்றுவிட்டால் அந்த அழுகை அரைகுறையாகவே தங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய செலவு, கேமராவை அணைத்து வைப்பது. முதல் மாதம் அணைத்து வைப்பது சரி. ஆறு மாதத்துக்குப் பிறகும் பெயர் மாற்றி, முகம் மறைத்து, குரல் தாழ்த்திப் பேசுகிறீர்கள் என்றால், ஊரில் செய்கிற அதே மறைப்பைக் குழுவிலும் செய்கிறீர்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தேன். எல்லோர் கதையும் எனக்குத் தெரியும், என் முகம் ஒருவருக்கும் தெரியாது. தனிமை குறையவே இல்லை. இதில் சேருங்கள், ஆனால் ஒரு தவணை வையுங்கள்: மூன்று மாதத்துக்குள் கேமராவைத் திறப்பேன், வருடம் முடிவதற்குள் ஒருவரையாவது நேரில் பார்ப்பேன் என்று.

## மலை இறங்கிப் போய்ச் சேரும் குழு

நேரில் கூடும் குழுவில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. நான் முதல் தடவை போன கூட்டத்தில், பாதி நேரம் நான் பேசவே இல்லை. டீ குடித்தேன், அவ்வளவுதான். ஆனால் பதினைந்து ஆண்கள் ஒரு அறையில், கை ஆட்டுவதையும் குரலையும் அடக்கிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கியது. அதுவரை நான் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருபத்து மூன்று வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நம்மை நாமே வெறுக்கிற அடுக்கு இருக்கிறதே, அதைப் பேச்சைவிட இந்தக் காட்சிதான் அதிகம் கரைக்கிறது. நாற்பது வயதில் வேலை, வாடகை வீடு, துணைவர் என்று சாதாரணமாக வாழும் ஒருவரை நேரில் பார்ப்பது, பத்துப் புத்தகம் படிப்பதற்குச் சமம்.

சென்னையில் நீண்ட காலமாக இயங்குபவர்கள் உண்டு. 1998 முதல் சகோதரன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவரும் ஓரினம், நிறங்கள் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். பெங்களூரில் குட் அஸ் யூ என்ற ஆதரவுக் குழு 1994-இல் தொடங்கியது. கோவையில் கூட்டங்கள் எப்போது, எங்கே என்பது மாறிக்கொண்டே இருப்பதால், மேலே சொன்னவர்களிடம் கேட்டு விசாரித்துப் போவது பாதுகாப்பு. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டியே 50 கி.மீ. இருக்கும்போது கோவை ரொம்பத் தூரம். மலையாளம் சரளமாக வருமென்றால் கேரளத்தின் க்வீரளா அமைப்பையும் கேட்டுப் பார்க்கலாம். மைசூர், பெங்களூர் போகிறவர்கள் பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். மாலைக் கூட்டம் முடித்து அன்றே வீடு திரும்ப முடியாது.

செலவுக்கு வருவோம். ஊட்டியிலிருந்து கோவை 86 கி.மீ. அளவு. பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல், சீசனில் இன்னும் கூடும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தினக்கூலியில் இருப்பவருக்கு ஒரு நாள் சம்பளமும் போகும், டிக்கெட்டும் போகும். ஏப்ரல், மே மாதங்களில் பஸ் கிடைக்காது, கார்த்திகையில் ரோடு இருக்குமா என்று தெரியாது. ஆகவே மாதம் ஒரு முறைக்கு மேல் திட்டமிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றாலும் குறைவில்லை.

அப்புறம் பொய். “என்னப்பா, மாசா மாசம் கோயமுத்தூர்?” என்று கண்டக்டர் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு கண்டுபிடித்த வழி, போவதற்கு உண்மையான இன்னொரு காரணத்தை வைத்துக்கொள்வது. நான் கோவையில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பும் உண்மை, கூட்டமும் உண்மை. வீட்டில் சொன்னது பாதிதான், ஆனால் பொய் இல்லை. மனசு லேசாக இருந்தது.

இன்னொரு மறைவான செலவைச் சொல்லியாக வேண்டும்: திரும்பி வருவது. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நாமாக இருந்துவிட்டு, பர்லியார் தாண்டி வளைவு வளைவாக மேலே ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வர வேண்டும். முதல் சில தடவை அடுத்த நாள் எனக்கு மோசமாக இருக்கும், போகாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும். இது பலருக்கும் வருகிறது. திங்கட்கிழமை மாலை குழுவில் ஒருவரோடு பத்து நிமிடம் ஃபோனில் பேசுவதாக முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டால் அந்த இறக்கம் தாங்கும்.

## உளவியலாளர் நடத்தும் பயிற்சிக் குழு

இது மனம் விட்டுப் பேசும் கூட்டத்திலிருந்து வேறு. இத்தனை அமர்வு, ஒவ்வொன்றிலும் இன்ன பயிற்சி, வீட்டுப்பாடம் என்று ஒரு வரிசை இருக்கும். அறிதல்–நடத்தைச் சிகிச்சையைத் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள இளைஞர்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. ஜான் பச்சான்கிஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் எஸ்டீம் என்ற பெயரில் பத்து அமர்வு கொண்ட சிகிச்சை ஒன்றை உருவாக்கி, 2015-இல் 63 இளைஞர்களிடம் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு குறைந்தது, குடி குறைந்தது, ஆணுறை இல்லாத உறவும் குறைந்தது. அது ஒருவரோடு ஒருவர் இருந்து செய்தது, அதே அடிப்படையைக் குழுக்களிலும் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? சேரிங்கிராஸ் சிரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது, “என்னைப் பற்றித்தான்” என்று எண்ணினேன், உடம்பு சூடானது, தலை குனிந்து வேறு பஸ் ஏறினேன். இந்த நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்வார்கள். அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்க முடியுமா என்று பார்க்கச் சொல்வார்கள். நான் மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு: நல்ல உளவியலாளர் “எல்லாம் உன் கற்பனை” என்று சொல்ல மாட்டார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, எட்டாம் வகுப்பில் யார் என்ன சொல்லி அடித்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்பார். பயம் நியாயமாக வந்தது, இப்போது அது எல்லா இடத்திலும் தேவையில்லை என்று பிரித்துக் காட்டுவார். அதன் பிறகு மறுத்துப் பேசவும், விலகிப் போகாமல் நிற்கவும் சின்னச் சின்னப் பயிற்சிகள்.

குறைகள்: கட்டணம் உண்டு, இது போன்ற குழுக்கள் அரிது, தமிழில் இன்னும் அரிது, தொடங்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு அமர்வு விட்டால் அடுத்தது புரியாது. பத்து வாரம் முடிந்தால் குழுவும் முடிந்துவிடும். நட்பு தேடிப் போனவருக்கு அது ஏமாற்றம்.

பெரிய ஆபத்து, தவறான ஆளிடம் போய்ச் சேர்வது. எனக்கு 21 வயதில் கீழே ஒரு நகரத்தில் ஒரு மனநல மருத்துவர், “கல்யாணம் பண்ணினா சரியாயிடும்” என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் விழுங்கினேன். அந்த எட்டு மாதம் இன்னும் எனக்குக் கோபத்தைத் தருகிறது. இப்போது நிலைமை வேறு. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின ஈர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதும் முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. எனவே சேரும் முன் ஃபோனிலேயே கேளுங்கள்: “இது மாற வேண்டிய விஷயம் என்று நினைக்கிறீர்களா?” பதில் இழுத்தால் அங்கே போகாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

## மலையிலேயே நான்கைந்து பேர்

இதுவே எல்லோருடைய ஆசையும். ஊட்டியிலோ குன்னூரிலோ, மாதம் ஒரு முறை, வர்க்கியும் டீயும், நம் மலையைத் தெரிந்த ஆட்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்கக் கூடும்போது “எப்ப கல்யாணம்?” என்று எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நாங்கள் ஐந்து பேர் இரண்டு வருடம் இப்படிக் கூடினோம். என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் அவை. பிறகு இருவருக்குள் காதல் வந்து முறிந்தது. ஒருவர் கோபத்தில் மற்றவர் பெயரை வெளியே சொல்லிவிட்டார். பெயர் வெளியான தம்பி வேலையை விட்டு திருப்பூர் போய்விட்டார். நடத்துபவர் என்று ஒருவர் இல்லாததால் தடுக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பெரிய ஊரில் குழு உடைந்தால் வேறு குழு, இங்கே உடைந்தால் அடுத்த நாள் மார்க்கெட்டில் முகத்துக்கு நேர் வந்து நிற்பார்கள்.

இதைத் தொடக்கமாக வைக்காதீர்கள் என்றே சொல்வேன். மற்ற வழிகளில் ஒன்றிரண்டு வருடம் இருந்த பிறகு, நன்றாகத் தெரிந்த இருவர் மூவரோடு தொடங்கலாம். ஒருவர் வீட்டில் கூடாமல் பொது இடத்தில் பகலில் கூடுவது, படம் எடுக்காமல் இருப்பது, புதிதாக ஒருவரைச் சேர்க்க எல்லோர் சம்மதமும் வாங்குவது, ஒரே ஹட்டி அல்லது ஒரே எஸ்டேட்டைச் சேர்ந்த இருவர் என்றால் முன்கூட்டியே இருவரிடமும் கேட்பது, 18 வயது ஆகாதவரைச் சேர்க்காமல் அவருக்கு உதவி எண்ணைக் கொடுப்பது. இவற்றை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் பேசவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | மறைவு | ஒரு தடவைக்கு நேரம் | வெளியே தெரியாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| வாட்ஸாப், டெலிகிராம் | குறைவு | கணக்கில்லை | மிரட்டல் | விசாரிக்க மட்டும் |
| காணொலிக் குழு | அதிகம் | ஒன்றரை மணி | தனி அறை, முகம் மறைக்கும் பழக்கம் | தொடக்கத்தில், வீட்டை விட்டு நகர முடியாதபோது |
| நேரில் கூடும் குழு | நடுத்தரம் | ஒரு நாள் | கூலி, பொய், திரும்பியபின் இறக்கம் | தனிமையும் தன்வெறுப்பும் அதிகமாக இருக்கும்போது |
| பயிற்சிக் குழு | அதிகம் | இரண்டு மணி, பத்து வாரம் அளவு | கட்டணம், காத்திருப்பு | பதற்றம், குடி, தூக்கமின்மை வேலையைக் கெடுக்கும்போது |
| மலையில் சிறு வட்டம் | மிகக் குறைவு | அரை நாள் | உடைந்தால் ஊருக்கே தெரியலாம் | அனுபவம் வந்த பிறகு |

குழுவே ஒத்துவராதவர்களும் உண்டு. மற்றவர் வலியைக் கேட்டால் தன் வலி கூடுகிறவர்கள், சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்கள் முதலில் தனி ஆலோசகரிடம் போவது நல்லது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது, பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இலவசம். உள்ளூர் மருத்துவமனையில் தெரிந்த முகம் இருக்குமென்ற பயமிருந்தால் வேறு ஊர் மையத்துக்குப் போகலாம்.

## மூன்று தம்பிகளும்

கூடலூர்த் தம்பியைக் குழுவுக்குப் போகச் சொல்லவில்லை. அவருக்கு நாள் குறிக்கும் நெருக்கடி. இருபாலீர்ப்பு உள்ளவர் ஒரு பெண்ணை விரும்பி மணப்பதில் ஒரு தவறும் இல்லை, அதை அவரிடம் அழுத்திச் சொன்னேன். ஆனால் இப்போது அவர் விரும்பியா, பயந்தா என்பது அவருக்கே தெளிவில்லை. அந்தப் பெண்ணுக்கும் யாரைக் கட்டுகிறோம் என்று தெரியும் உரிமை உண்டு. தனி ஆலோசகரிடம் ஃபோனில் மூன்று முறை பேசியிருக்கிறார். தை முடியும்வரை பெண் பார்ப்பதை நிறுத்தி வைக்கும்படி வீட்டில் கேட்டு, ஒருவாறு சம்மதம் வாங்கிவிட்டார். இருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கென்றே கூடும் காணொலிக் குழு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஊட்டி மாணவருக்குத் தூக்கம் போய், இரண்டு பாடத்தில் தேர்வு எழுதவில்லை. அவருக்குப் பயிற்சிக் குழுதான் சரி என்று நினைத்தேன். தமிழில் அடுத்தது தொடங்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை அதே உளவியலாளரிடம் தனியாக, மாணவருக்கான குறைந்த கட்டணத்தில் போகிறார்.

கோத்தகிரித் தம்பி தேயிலைக் காட்டை விட்டுவிட்டு ஞாயிறு மதியக் காணொலிக் குழுவுக்கு மாறினார். நான்காவது கூட்டத்தில் கேமராவைத் திறந்தார். மறுபக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், ஒருவர் மட்டும் “மஃப்ளர் நல்லா இருக்கு” என்றாராம். வருகிற மாதம் நேரில் போவதாக முடிவு செய்திருக்கிறார். முதல் தடவை நானும் கூடப் போகிறேன், காலை முதல் பஸ்ஸில். கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் நான் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வேன். அந்த அறைக்குள் அவர் தனியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.